"ரோட்டுக் கரையில நிண்ட சனத்துக்கு என்ன நடந்தது?"

எங்கட பீடத்துக் கன்ரீனில் பின்னேரத் தேத்தண்ணியோடு தொடங்கிய கதை இது. எங்களில் ஒருவனுக்குக் கார் என்றால் உயிர். அவனிடம் இருப்பது ஒரு பழைய சைக்கிள்தான். ஆனால் எந்த வருடம் எந்தக் கார் எந்தப் பந்தயத்தில் வென்றது என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்வான். அன்றைக்கு அவன் சொன்னது 1902ஆம் ஆண்டின் பாரிஸ் – வியன்னா பந்தயம். பெரிய பெரிய கார்களை எல்லாம் பின்னுக்கு விட்டு, மார்செல் ரெனோ ஒரு சின்னக் காரில் போய் வென்ற கதை. கேட்டுக்கொண்டிருந்த எல்லோருக்கும் சந்தோசம். சின்னது பெரியதை வெல்கிற கதை யாருக்குத்தான் பிடிக்காது?

ஏ9 வீதிக் கரையில் வீடுள்ள தோழி ஒருத்தி மட்டும் பேசாமல் இருந்தாள். கடைசியில் கேட்டாள்: "சரி, அந்த ரோட்டுக் கரையில நிண்ட சனத்துக்கு என்ன நடந்தது?"

அவனுக்குப் பதில் தெரியவில்லை. எங்களுக்கும் தெரியவில்லை. பிறகு நான்கைந்து பேராகச் சேர்ந்து தேடி வாசித்தோம். வாசித்து முடித்தபோது எங்களுக்கு ஒரு கருத்து உறுதியாகிவிட்டது. ஆரம்ப காலக் கார்ப் பந்தயங்களின் வரலாறு பெரும்பாலும் ஓட்டுநரின் ஆசனத்தில் இருந்துதான் எழுதப்பட்டிருக்கிறது. அதை ஒருதடவை வீதிக் கரையில் நின்று வாசிக்க வேண்டும். அப்படி வாசித்தால், அந்த மரணங்கள் "முன்னேற்றத்துக்குக் கொடுத்த விலை" என்று சொல்லப்படும் பழைய சமாதானம் நிற்காது. ஏன் என்று சொல்கிறோம்.

முதலில், பந்தயம் எப்படித் தொடங்கியது என்று பாருங்கள். 1894 யூலை 22இல் பாரிஸில் இருந்து ருவோன் நகருக்கு ஏறத்தாழ 126 கிலோமீற்றர் தூரம் குதிரை பூட்டாத வண்டிகள் ஓடின. நடத்தியது 'லு பெத்தி ஜூர்னால்' என்ற பத்திரிகை. அது வேகப் போட்டியாக அறிவிக்கப்படவே இல்லை. வண்டி ஆபத்தில்லாமல் ஓட வேண்டும், ஓட்டுவது இலகுவாக இருக்க வேண்டும், செலவு குறைவாக இருக்க வேண்டும். இவைதான் நிபந்தனைகள். முதலில் வந்து சேர்ந்தது டி டியோன் பிரபுவின் நீராவி வண்டி. ஆனால் அதற்கு முதற்பரிசு கிடைக்கவில்லை. அடுப்புக்கு எரிபொருள் போட இன்னொரு ஆள் தேவைப்படுகிற வண்டி சாதாரண மனிதருக்கு உதவாது என்று நடுவர்கள் நினைத்தார்கள். பெற்றோல் வண்டி செய்த பெஜோவும் பனார் லெவசோரும் பரிசைப் பகிர்ந்துகொண்டன.

அடுத்த வருடம் பாரிஸ் – போர்தோ – பாரிஸ், 1,178 கிலோமீற்றர். எமில் லெவசோர் 48 மணித்தியாலம் 48 நிமிடத்தில் ஓடி முடித்தார். கிட்டத்தட்ட முழுத் தூரமும் அவர்தான் ஓட்டினார். சராசரி வேகம் மணிக்கு 24 கிலோமீற்றர். இன்றைக்கு ஒரு நல்ல சைக்கிள்காரன் எட்டக்கூடிய வேகம். அவருக்கும் முதற்பரிசு கிடைக்கவில்லை! அவருடைய வண்டியில் இரண்டு இருக்கைகள். பரிசோ நான்கு பேர் இருக்கக்கூடிய வண்டிக்கு. பல மணித்தியாலம் பிந்தி வந்த பெஜோ ஒன்றுக்கு அது போனது.

இந்த இரண்டு கதைகளையும் விசித்திரமான பழைய விதிகள் என்று சிரித்துவிட்டுக் கடந்துபோகலாம். எங்களுக்கு அப்படித் தெரியவில்லை. அந்த நடுவர்கள் சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்கள். இந்த வண்டி ஆருக்கு? இதை ஆர் வாங்கி, ஆரை ஏற்றிக்கொண்டு போவார்? அந்தக் கேள்வி மூன்று நான்கு வருடத்துக்குள் காணாமல் போய்விட்டது. அதன் இடத்துக்கு ஒரே ஒரு கேள்வி வந்தது: ஆர் முதல்?

சின்னக் கார் இந்த இடத்தில்தான் கதைக்குள் வருகிறது. 1898இல் இருபத்தொரு வயது லூயி ரெனோ, பாரிஸுக்குப் பக்கத்தில் பில்லாங்கூரில் இருந்த தன் குடும்பத்து வளவின் கொட்டிலில் ஒரு குட்டிக் காரைச் செய்தார். பல்கலைக்கழகப் பக்கமே போகாத பெடியன், எங்கட வயது. டி டியோன் கம்பனியின் சின்ன எஞ்சின், ஒன்றே முக்கால் பரிவலு. அந்த வருட நத்தாருக்கு முதல் நாள் இரவு மொன்மாத்ர் குன்றில் செங்குத்தாக ஏறும் லெப்பிக் தெருவில் அதை ஓட்டிக் காட்டினார். அந்த இரவே பன்னிரண்டு பேர் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்றார்கள். அடுத்த வருடம் அண்ணன்மார் மார்செல், பெர்னான் இருவரோடும் கம்பனி தொடங்கியது.

பிரெஞ்சில் இந்த மாதிரிக் காருக்கு 'வுவாத்யூரெத்' என்று பெயர். குட்டி வண்டி என்று பொருள். பந்தய விதிகளில் 400 கிலோவுக்கு உட்பட்டவை குட்டிக் கார்கள், 400 முதல் 650 கிலோ வரை இலகு கார்கள், அதற்கு மேல் பாரக் கார்கள். 1900இல் பாரிஸ் – துலூஸ் – பாரிஸ், 1901இல் பாரிஸ் – பெர்லின் என்று குட்டிக் கார் வகுப்பில் லூயி தொடர்ந்து வென்றார். ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும் வாங்க ஆட்கள் வந்தார்கள். நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் ஓடி உடையாமல் வந்த குட்டிக் காரைவிட நல்ல விளம்பரம் வேறென்ன? பொது வீதி கம்பனிக்காரருக்குப் பரிசோதனைக் கூடமும் விளம்பரப் பலகையும் ஆனது. இரண்டும் இலவசம்.

இலவசம் என்றால் காசுக் கணக்கில் மட்டும்தான். அந்த 1901 பாரிஸ் – பெர்லின் பந்தயத்திலேயே ரைம்ஸ் நகருக்குக் கிட்ட ஒரு சிறுவன் பந்தயக் காரில் அடிபட்டு இறந்தான். பிரெஞ்சு அரசு பந்தயங்களுக்குத் தடை போட்டது. அடுத்த வருடமே விட்டுக்கொடுத்தது. கார் செய்வது அப்போது பிரான்சின் பெருமைக்குரிய தொழில். அந்தப் பெருமைக்கு முன்னால் ஒரு கிராமத்துப் பிள்ளையின் சாவு ஒரு வருடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

அப்படி விட்டுக்கொடுத்ததில் நடந்ததுதான் எங்கட நண்பனின் பாரிஸ் – வியன்னா. அது உண்மையிலேயே அருமையான கதை, அதை நாங்கள் மறுக்கவில்லை. 1902 யூன் 26இல் இருந்து 29 வரை நான்கு நாள். பாரக் கார்களில் 70 பரிவலுப் பனார்கள் இருந்தன, எஞ்சின் 13 லீற்றருக்கு மேல். மார்செலின் ரெனோ 650 கிலோவுக்கு உட்பட்ட இலகு கார், எஞ்சின் 4 லீற்றரைக்கூட எட்டாது. சமவெளியில் பெரியவை பறந்தன. ஒஸ்திரியாவில் ஆல்பெர்க் கணவாய் வந்தது. ஏறத்தாழ 1,800 மீற்றர் உயரம், மோசமான பாதை. பாரமான கார்களின் ரயர்களும் சில்லுகளும் அச்சுகளும் அவற்றின் சொந்தப் பாரத்தாலேயே உடைந்தன. சின்னக் கார் ஏறி இறங்கியது. மார்செல் எல்லோருக்கும் முதல் வியன்னாவுக்கு வந்து சேர்ந்தார். பாரம் குறைந்தால் எஞ்சின் மட்டுமல்ல, ரயரும் பிறேக்கும் பாதையும்கூடத் தப்பும் என்பதை ஒரு பந்தயம் முழு ஐரோப்பாவுக்கும் செய்து காட்டியது.

அதில் இருந்து தொழில்காரர் என்ன படித்தார்கள்? இங்கேதான் எங்களுக்குக் கோபம் வருகிறது. 1902இல் எந்தக் காரும் 1,000 கிலோவைத் தாண்டக்கூடாது என்று விதி கொண்டுவந்தார்கள். பாரம் குறைந்தால் எஞ்சினும் சின்னதாகும், வேகமும் அடங்கும் என்று எதிர்பார்த்தார்கள். நடந்தது தலைகீழ். எஞ்சினைப் பெரிதாகவே வைத்துக்கொண்டு, மிச்ச எல்லாவற்றையும் மெலிய வைத்தார்கள். சட்டகத்தில் துளை போட்டார்கள், இருக்கையில் துளை போட்டார்கள், நெம்புகோல்களில் துளை போட்டார்கள். பிறேக் பின்சில்லுகளுக்கு மட்டும்தான். இப்படி எலும்பும் எஞ்சினுமாக நின்ற கார்கள்தான் அடுத்த வருடம் மட்ரிட்டுக்குப் புறப்பட்டன.

1903 மே 24, விடிய முன்னம், வெர்சாய். 200க்கும் மேற்பட்ட வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பப்பட்டன. வீதி தார் போடாத வீதி. மழை இல்லாத நாள். முன்னால் போகிற காரின் தூசிக்குள் பின்னால் போகிறவருக்கு எதுவும் தெரியாது. இரண்டு கரையிலும் சனம். கரையில் என்றால் கரையில் இல்லை, நடு ரோட்டிலேயே நின்றார்கள். கார் கிட்ட வந்தபிறகுதான் விலகி வழி விட்டார்கள். அவர்களைக் குறை சொல்லுகிற புத்தகங்கள் நிறைய உண்டு. ஆனால் மணிக்கு 100 கிலோமீற்றரில் வருகிற ஒரு பொருளை அதற்கு முதல் அவர்களில் எத்தனை பேர் கண்டிருப்பார்கள்? அவர்களுடைய கண்ணும் காலும் பழகியது குதிரை வண்டிக்கு. வேகத்தைக் கணிக்கத் தெரியாதது அவர்களுடைய பிழையா, தெரியாது என்று தெரிந்துகொண்டே கார்களை அனுப்பியவர்களுடைய பிழையா?

வழியில் ஓரிடத்தில் ஒரு பிள்ளை வீதிக்குள் வந்துவிட்டது. டுப்பூயி என்ற படைவீரர் அந்தப் பிள்ளையைக் காப்பாற்றப் பாய்ந்தார். காரை வெட்டித் திருப்பிய ஓட்டுநருக்குக் கட்டுப்பாடு போனது. படைவீரரும் பார்த்துக்கொண்டு நின்ற ஒருவரும் இறந்தார்கள். வேறோரிடத்தில் ஒரு கார் நாயில் மோதி மரத்தில் அடித்தது. பக்கத்தில் இருந்த மெக்கானிக் இறந்தார். இன்னொன்று ரயில் கடவையில் வளைவைத் தவறவிட்டு வீட்டுச் சுவரில் மோதியது. அங்கேயும் இறந்தது மெக்கானிக்தான். பொத்தியேக்குத் தெற்கே, கூஏ-வெராக் என்ற ஊருக்குக் கிட்ட, மார்செல் ரெனோ முன்னால் போன காரைத் தூசிக்குள் முந்தப் போய் வளைவில் கவிழ்ந்தார். இரண்டு நாளில் இறந்துபோனார். வயது 31.

அவருடைய தம்பி லூயி அதே நாள் தன்னுடைய இலகு காரில் எல்லோருக்கும் முன்னால் போர்தோவுக்கு வந்து சேர்ந்தார். அண்ணனைப் பற்றிய செய்தி அங்கேதான் அவருக்குக் கிடைத்தது. அதன் பிறகு அவர் பந்தயத்தில் ஓட்டவே இல்லை. ஓட்ட நேரக் கணக்கில் முதல் வந்தது காப்ரியேலின் மோர்ஸ் கார், சராசரி வேகம் மணிக்கு 105 கிலோமீற்றர். 1895இன் 24 எங்கே, எட்டே வருடத்தில் 105 எங்கே? அதே போர்தோ வீதிதான். அதே மாதிரிச் சனம்தான்.

அந்த ஒரு நாள் ஓட்டம் குறைந்தது எட்டுப் பேரின் உயிரை எடுத்தது. பிரெஞ்சு அரசு பந்தயத்தைப் போர்தோவிலேயே நிறுத்தியது. எஞ்சினை இயக்கவே கூடாது என்று கட்டளை வந்ததால், பந்தயக் கார்களைக் குதிரைகளைப் பூட்டி ரயில் நிலையத்துக்கு இழுத்துப்போனார்கள். அந்தக் காட்சியை வாசித்தபோது எங்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

இனி அந்தச் சமாதானத்துக்கு வருவோம். "அந்தப் பந்தயங்கள் இல்லாவிட்டால் இன்றைக்கு நல்ல கார் இல்லை. உயிர்கள் போனது கவலைதான், ஆனால் முன்னேற்றம் என்றால் அப்படித்தான்." எங்கட நண்பனும் முதலில் இதைத்தான் சொன்னான். பந்தயங்களால் நன்மையே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. காற்றடைத்த ரயரோடு ஒரு காரை மிச்செலின் சகோதரர்கள் 1895இல் ஓட்டிக் காட்டியது நெடுந்தூரப் பந்தயத்தில்தான். வழி முழுக்கக் காற்றுப் போய்ப் போய்த்தான் வந்து சேர்ந்தார்கள், ஆனாலும் அதுதான் தொடக்கம்.

கேள்வி அதுவல்ல. அந்த நன்மை கிடைக்க, சனம் நடமாடும் திறந்த வீதி தேவைப்பட்டதா என்பதுதான் கேள்வி. அதற்கு வரலாறே பதில் சொல்கிறது. 1906இல் லு மான் நகருக்குப் பக்கத்தில் முதலாவது கிரான் பிறி நடந்தது. இரண்டு நாளில் மொத்தம் 1,238 கிலோமீற்றர். பாரிஸ் – போர்தோ – பாரிஸைவிடத் தூரம் கூட! ஆனால் மூடிய சுற்றுப் பாதை. சனம் நிற்கும் இடங்களில் கிலோமீற்றர் கணக்கில் வேலி அடித்தார்கள். சென் கலே என்ற ஊருக்குள்ளால் போகாமல் பலகை அடித்துப் புறப்பாதை போட்டார்கள். வென்றது ரெனோ கார். ஓட்டியவர் முன்பு லூயியின் பக்கத்தில் மெக்கானிக்காக இருந்த பெரென்ஸ் சிஸ். மூன்று வருடத்துக்கு முதல் இந்த வேலியை அடித்திருக்க முடியாதா? பலகையும் ஆணியும் 1903இலும் இருந்தனதானே.

குட்டிக் கார்களும் சாகவில்லை. அதே 1906இல் 'லோட்டோ' என்ற விளையாட்டுப் பத்திரிகை ராம்புய்யே சுற்றுப் பாதையில் குட்டிக் கார்களுக்கு ஒரு கிண்ணம் வைத்தது. பந்தய நாளுக்கு முதல் பல நாட்கள் ஓடி, கார் உடையாது என்று காட்ட வேண்டும். பிறகுதான் பந்தயம். வென்றது ஒற்றைச் சிலிண்டர் சிசேர்-நோடான். அடுத்தடுத்த வருடங்களில் சிலிண்டரின் விட்டத்துக்கு எல்லை போட்டார்கள். கம்பனிக்காரர் சிலிண்டரை உயரமாக நீட்டி எல்லையை ஏமாற்றினார்கள். 1,000 கிலோ விதியின் அதே விளையாட்டு. வித்தியாசம் ஒன்றுதான். இந்தமுறை அந்த விளையாட்டு நடந்தது அதற்கென்று மூடிய பாதையில்.

இன்னொன்று. தலைக்கு மேலே இரட்டைக் கம் தண்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் நான்கு வால்வு என்று இன்றைய கார்களில் சாதாரணமாக இருக்கும் எஞ்சின் அமைப்போடு பெஜோ கிரான் பிறியை வென்றது 1912இல். அந்தக் காரின் பின்னால் இருந்த பொய்லோ, கூ, சுக்கரெல்லி மூவரும் குட்டிக் கார்ப் பந்தயங்களில் வளர்ந்த ஓட்டுநர்கள். நகரத்தில் இருந்து நகரத்துக்கு ஓடும் பந்தயம் நின்று ஒன்பது வருடத்துக்குப் பிறகு இது நடந்தது. அதாவது, திறந்த வீதியை விட்டு வெளியே வந்ததால் முன்னேற்றம் நிற்கவில்லை. "விலை" என்று சொல்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். கொடுக்கத் தேவையில்லாத ஒன்றைப் பறித்துவிட்டு அதை விலை என்று சொல்வது நியாயமா?

எல்லோரும் இந்தப் பாடத்தைப் படிக்கவும் இல்லை. இத்தாலியில் பிரேசியாவில் இருந்து ரோமுக்குப் போய்த் திரும்பி வரும் மில்லே மில்யா பந்தயம், ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர், 1927இல் தொடங்கித் திறந்த வீதிகளில் ஓடியது. அதிலும் குட்டிக் கார்களின் கதைகள் அழகானவை. இரவில் முதலில் புறப்படுவது அவைதான். பெரிய கார்கள் விடியப் பின்னால் வரும். 1950களில் முட்டை மாதிரி இருக்கும் இசெட்டாக்கூட அதில் ஓடியது. 1957இல் குவிதிட்சோலோ என்ற ஊருக்குக் கிட்ட ஒரு பெராரியின் ரயர் வெடித்தது. காரில் இருந்த இருவரோடு, வீதிக் கரையில் நின்ற ஒன்பது பேரும் இறந்தார்கள். அந்த ஒன்பதில் ஐந்து பேர் பிள்ளைகள். அதற்குப் பிறகுதான் இத்தாலிய அரசு அந்தப் பந்தயத்தை நிறுத்தியது. 1903க்கும் 1957க்கும் இடையில் 54 வருடம்.

கலைப்பீட மாணவர்களாகிய எங்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். வரலாறு எங்கே நின்று எழுதப்படுகிறது என்பதுதான் எங்கட வேலை. மார்செல் ரெனோவின் பெயர் கார்ப் பந்தயம் பற்றிய எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. படைவீரர் டுப்பூயியின் பெயர் சில இடங்களில் ஒரு வரியில் வருகிறது, நாங்கள் வாசித்தவற்றில் அதற்கு மேல் இல்லை. அவர் பாய்ந்து காப்பாற்றப் போன பிள்ளைக்குப் பெயரே இல்லை. பந்தயத்தில் சேர மார்செல் கையெழுத்துப் போட்டார். டுப்பூயி போடவில்லை. அந்தப் பிள்ளையும் போடவில்லை. எங்களுக்கு இந்த வித்தியாசம் பெரிய வித்தியாசம். தன் விருப்பத்தில் உயிரைப் பணயம் வைக்கிறவரின் துணிச்சலை மதிக்கலாம். மற்றவரின் உயிரையும் சேர்த்துப் பணயம் வைத்தால் அதற்குத் துணிச்சல் என்ற பெயர் பொருந்தாது.

எங்கட தோழி ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டாள் என்று பிறகு சொன்னாள். அவளுடைய வீட்டுக்கு முன்னால் பயணிகளை ஏற்றுவதற்காக பஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடும். யாரும் அதைப் பந்தயம் என்று அறிவிப்பதில்லை, பரிசும் இல்லை. அவளுடைய அம்மம்மா பால் வாங்கக் கடைக்குப் போக, ஹோர்ன் சத்தம் முழுக்க அடங்கும் வரைக்கும் படலையடியில் நிற்பாவாம். சில நாளில் பத்து நிமிடம், சில நாளில் அதைவிடக் கூட. "உள்ளுக்க இருக்கிறவைக்கு நேரம் மிச்சம். அம்மம்மான்ர நேரத்தை ஆர் கணக்குப் பாக்கினம்?" என்றாள்.

எங்கட கார்க்கார நண்பன் இப்பவும் பாரிஸ் – வியன்னாக் கதையைச் சொல்கிறான். சொல்லட்டும், நல்ல கதைதானே. ஆனால் போன கிழமை முதலாம் வருடப் பெடியள் கொஞ்சப் பேருக்கு அவன் சொல்லும்போது பக்கத்தில் இருந்து கேட்டோம். மார்செல் வியன்னாவுக்குள் வந்து சேர்ந்ததோடு கதையை முடிக்கவில்லை. அடுத்த வருடத்துக்குப் போனான், டுப்பூயி என்ற படைவீரரைப் பற்றிச் சொன்னான், குதிரை இழுத்துப்போன கார்களைப் பற்றிச் சொன்னான். ஒரு பெடியன் கேட்டான்: "அந்தப் பிள்ளைக்கு என்ன அண்ணை நடந்தது?"

அவன் எங்களைப் பார்த்தான். நாங்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.